ஓவராயில்

அந்தச் சைக்கிள் ஓடும்போதுதான் என்றில்லை, சும்மா சாய்த்து வைத்தாலும் ஏதாவது ஒரு சத்தம் போடும். வெயில் ஏறினால் மட்கார்டு டொக்கென்று ஒரு தட்டுத் தட்டும். காற்றடித்தால் மணி தானாகக் கிணுகிணுக்கும். நான் குடியிருந்தது அந்த வீட்டின் பின்னறையில். என் சன்னலை ஒட்டிய சந்துதான் சைக்கிள் நிற்கும் இடம். அதனால் அதன் உடல்நிலை எனக்கு அத்துப்படி. விடிவதற்கு முன்பு அது வெளியே கிளம்பும் சத்தத்தில்தான் நான் தினமும் கண் விழிப்பேன். அலாரம் வைத்துக்கொண்டதே இல்லை.

அது ரொட்டி அக்காவின் சைக்கிள். தெருவே அவரை அப்படித்தான் சொல்லும். பேக்கரியில் சூட்டோடு ரொட்டியை எடுத்துப் பின்னால் மரப்பெட்டியில் அடுக்கி, பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ள வீடுகளுக்கும் இரண்டு விடுதிகளுக்கும் கொடுத்துவிட்டு வருவது அவர் வேலை. அதற்கு 'லைன்' என்று பெயர். 'என் லைன்ல நாய் கூட என்னைப் பார்த்துக் குரைக்காது' என்று அக்கா பெருமையாகச் சொல்வார்.

சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்ததில் அவருக்கு இடது முட்டி ஓரளவுக்கு மேல் மடங்காது. தரையில் உட்கார மாட்டார். படி இறங்கும்போது இடது காலை முதலில் வைத்து, வலது காலைக் கொண்டுவந்து பக்கத்தில் சேர்ப்பார். அப்புறம் மறுபடி இடது. ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் அப்படி ஒரு கால் இருப்பதே தெரியாது.

"நடக்கிறப்பதான் நான் நொண்டி. ஓட்டறப்ப ராணி" என்பார்.

ராணியின் வாகனம் ஒன்றும் உயர்ந்த ஜாதி அல்ல. மலிவு மாடல். புதிதாக இருந்த காலத்திலும் யாரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கல்யாணமான புதிதில் பழைய இரும்புக் கடையில், எடை விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கியதாம். ஹேண்டில்பாருக்குக் கீழே முன்தலையில் இருந்த தகட்டில் கம்பெனிப் பெயர் தேய்ந்து, ஒரு பறவையின் சிறகு மட்டும் மிச்சம் இருந்தது.

விடாமல் மழை பெய்த ஒரு நாளில் அதன் ஃப்ரேம் விட்டுக்கொண்டது. பெடல் தண்டு நுழைகிற இடத்துக்கு மேலே, குழாயில் சுற்றிலும் விரிசல். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டே மிச்ச வீடுகளுக்கும் நடந்தார். ரொட்டி நனையாமல் இருக்கத் தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்தியிருந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு ரொட்டி கூட நனையலை, தெரியுமா" என்றார்.

மறுநாள் பேக்கரி முதலாளி கூப்பிட்டுப் பேசினார். மாசக் கடைசி வரைக்கும் மற்றவர்களை வைத்து ஒப்பேற்றுவாராம். அதற்குள் வண்டி தயாராகவில்லை என்றால் லைன் மொபெட்டுக்காரருக்குப் போய்விடும். அக்காவுக்கு உள்ளே பேக்கிங் மேசையில் இடம் உண்டு. அடுப்புப் பக்கத்தில் பொழுதுக்கும் நின்றுகொண்டு ரொட்டியைக் காகிதத்தில் சுற்ற வேண்டும். அந்த முட்டியோடு பொழுதுக்கும் நிற்பது என்றால் என்னவென்று அக்கா சொல்லவில்லை. எங்களுக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்து. அக்காவின் கணவர் கார் பட்டறையில் பெயின்டர். நகக்கண்ணில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அவருடைய தமக்கை மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். வாரத்தில் பாதி நாள் இங்கேதான் சாப்பாடு. மாலை வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என்னையும் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். நான் கணக்குப் பதிவியல் படிக்கிறேன். அதனால் பெயின்டர் எனக்கு வைத்த பெயர் 'கணக்கு'.

"கணக்கு, நீ சொல்லும்மா. புதுசா, பழசா?"

நான் காலையிலேயே சைக்கிள் கடையில் விசாரித்து வைத்திருந்தேன். ஆனாலும் சொல்வதற்குத் தயக்கமாக இருந்தது. "முழுசா ஓவராயில் பண்ணினா, புதுசோட விலையில முக்கால்வாசி வந்துடும்ணே. பண்ணி முடிச்சு வித்தா, போட்டதுல கால்வாசி கூடத் தேறாது" என்றேன். ஓவராயில் என்றால் சைக்கிளை ஆணி ஆணியாகக் கழற்றிக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டுவது.

"விக்கிறதுக்கா பண்றாங்க?" என்றார் அக்கா.

"கேட்டியா, அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு" என்றார் மருந்துக் கடை அம்மா. "அறிவுள்ளவங்க யாராவது செத்த சைக்கிளுக்கு வைத்தியம் பார்ப்பாங்களா?"

"நீங்க பொழுதன்னிக்கும் மருந்துதானே அண்ணி விக்கிறீங்க."

"உயிரோட இருக்கிறவங்களுக்கு விக்கிறேன். டேய் தம்பி, உன் பொண்டாட்டிக்கு எடுத்துச் சொல்லேன்டா. வாயில என்ன, ரொட்டியா?"

வாயில் ரொட்டிதான் இருந்தது. பெயின்டர் மென்று முடிக்கிற வரை எல்லோரும் காத்திருந்தோம். "எனக்கு வண்டியோட வெளிப்பக்கம்தான்க்கா தெரியும். உள்பக்கம் அவளைக் கேளு" என்றார்.

மருந்துக் கடை அம்மா விடுகிற ஆள் இல்லை. மறுநாளே அக்காவைப் புது சைக்கிள் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன். நீல நிறத்தில் லேசான ஒரு வண்டி. அக்கா கடையின் முற்றத்தில் ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் பாதியில் இறங்கிவிட்டார்.

"முட்டி பிடிக்குது."

கடைக்காரர் சீட்டை ஏற்றிக் கொடுத்தார். அப்போது முட்டி சும்மா இருந்தது; ஆனால் நிறுத்தினால் கால் தரைக்கு எட்டவில்லை.

"பெட்டி நிறைய ரொட்டியோட இப்படிச் சாஞ்சா, ரோடு பூரா ரொட்டிதான் அண்ணி."

"அது எப்படிம்மா, பழசுல ஏறினா பிடிக்காத முட்டி புதுசுல ஏறினா மட்டும் பிடிக்கும்? வண்டியோட வயசு முட்டிக்குத் தெரியுமா? உனக்குப் பிடிச்சிருக்கிறது பிடிவாதம்."

அக்கா சைக்கிளைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டார். எனக்கும் அவர் பிடிவாதம் பிடிப்பதாகவே பட்டது. அதை வெளியே சொல்லாமல் இருந்ததில் கொஞ்சம் சமாதானம்.

பெயின்டரிடம் பணம் இருந்தது. ஆனால் அது சொந்தமாக ஸ்ப்ரே கன் வாங்குவதற்காக வைத்திருந்தது. கன் இருந்தால் லீவு நாளில் வெளி வேலை எடுக்கலாம், பட்டறை முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதை அவர் பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் பழைய சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"கன் என்னடா ஆச்சு?" என்று தமக்கை வாசல் வரை துரத்தினார்.

"கன் அடுத்த வருஷமும் கடையில இருக்கும்க்கா. இவ லைன் இருக்காது."

ரிப்பேர் பார்க்கும் சைக்கிள் கடைக்காரருக்குத் தெருவில் 'பொறுமை' என்று பெயர். யார் எப்போது போய்க் கேட்டாலும் 'கொஞ்சம் பொறுமை' என்பார். சொன்ன தேதியில் எதையும் கொடுத்ததில்லை. கொடுத்ததில் யாரும் குற்றம் சொன்னதில்லை. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கழற்றிப் போட்ட பழைய சாமானை எல்லாம், ஒரு ஆணி விடாமல், சாக்கில் கட்டி உரியவரிடமே கொடுத்துவிடுவார்.

"நாளைக்கு ஒருத்தன் வந்து, நல்ல சாமானை உருவிட்டு ஓட்டை சாமானைப் போட்டான்னு சொல்லக்கூடாது பாருங்க. உங்க குப்பை உங்களுக்கு."

நான் வகுப்புக்குப் போகும் வழியில்தான் அவர் கடை. தினமும் நின்று பார்த்துவிட்டுப் போனேன். விரிசலைச் சுரண்டி, பித்தளை உருக்கி ஊற்றி ஒட்டினார். மஞ்சள் நிறத்தில் ஒரு மெல்லிய மோதிரம் போல அது குழாயைச் சுற்றி இறுகியது. சக்கரத்தைக் கவட்டையில் மாட்டிச் சுழலவிட்டு, ஒரு சாக்கட்டியை விளிம்புக்குப் பக்கத்தில் பிடிப்பார். எங்கே சாக்கட்டி தொடுகிறதோ அங்கே கோட்டம். எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் திருகு. மறுபடி சுழற்றல். கடைசியில் சாக்கட்டி எங்கேயும் தொடாமல் சக்கரம் காற்று மாதிரி சுற்றியது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அன்று வகுப்பில் பாதி போய்விட்டது.

லீவு நாளில் பெயின்டர் வெறும் ஃப்ரேமைப் பட்டறைக்குக் கொண்டுபோனார். முதலாளியிடம் கன்னை இரவல் கேட்டு வாங்கியிருந்தார். உப்புத்தாளைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தார். கறுப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் கரும் சிவப்பு, அதற்கும் அடியில் வெறும் இரும்பு. வரிசையாக எத்தனை பேர் கையில் இருந்ததோ. அக்கா பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினார்.

"எந்தக் கலர் வேணும்?"

"கறுப்புதான். அழுக்குத் தெரியாது."

"இவளோட சேர்ந்து வாழ்ந்து எனக்குக் கலரே மறந்துடும் போல, கணக்கு."

கறுப்பு அடித்தார். காய்ந்ததும் தேய்த்து, மறுபடி அடித்தார். அதன் மேல் நீள மயிர்த் தூரிகையால், மூச்சை அடக்கிக்கொண்டு, குழாயின் ஓரமாகத் தங்க நிறத்தில் ஒரு கோடு இழுத்தார். அளவுகோல் இல்லை, நாடா இல்லை. சுண்டுவிரலைக் குழாயில் ஊன்றிக்கொண்டு கையை நகர்த்தியதுதான். கோடு முடிந்த பிறகுதான் நாங்களும் மூச்சு விட்டோம்.

முன்தலைத் தகட்டை மட்டும் அவர் தொடவில்லை. "பறவையை முழுசா வரைஞ்சிடுங்களேன்" என்றேன்.

"மிச்சப் பறவை எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதேம்மா."

மாசம் முடியச் சில நாட்கள் இருக்கும்போது சைக்கிள் வீட்டுக்கு வந்தது. எதிர் வீட்டுக்காரர்கள் கூட இறங்கி வந்து பார்த்தார்கள். அதே சைக்கிள்தான் என்று நம்புவது கஷ்டமாக இருந்தது. பொறுமையே உருட்டிக்கொண்டு வந்தார். தோளில் பழைய சாமான் சாக்கு.

"சங்கிலி, பல்சக்கரம், கிராங்க் எல்லாம் புதுசு. பழசுல கண்டதையும் மாட்டி வச்சிருந்தாங்க. இப்ப எல்லாம் ஒரே செட்" என்றார். பெடலைத் தாங்கும் இரும்புக் கைதான் கிராங்க். அதைக் காலால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். ஒரு சத்தம் இல்லை.

மருந்துக் கடை அம்மா சுற்றி வந்து பார்த்தார். "பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்றார், ஏதோ கசப்பு மருந்து குடிப்பது போல.

அக்கா ஏறினார். தெருமுனை வரை போனார். திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டு வந்தார்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "முட்டி பிடிக்குது" என்றார்.

அதன்பின் வீட்டில் ஒரே ஒத்தடமும் தைலமுமாக இருந்தது. மருந்துக் கடை அம்மா குத்திக்காட்டவில்லை. தினமும் வந்து தானே தைலம் தேய்த்துவிட்டார். "ஓட்டாம சும்மா இருந்ததுல இறுகிப் போச்சும்மா. சரியாயிடும்" என்றார். அக்காவும் அப்படித்தான் நினைத்தார். மத்தியான வேளையில் ஆள் இல்லாத தெருவில் ஏறிப் பார்ப்பார். இடது பெடல் மேலே வரும் ஒவ்வொரு தடவையும் இடுப்பைத் தூக்கி, உதட்டைக் கடித்து, ஒரு மாதிரி நெளிந்துகொண்டு போவார். அவர் ராணியாகப் போனதைப் பார்த்தவர்களால் இதைப் பார்க்க முடியாது. ஒரு நாள் தெருமுனையில் விழுந்தே விட்டார். சைக்கிளில் கீறல் விழாதபடி தன் மேல் தாங்கிக்கொண்டிருந்தார்.

"கால் போச்சுங்க" என்றார் அன்று மாலை. "வண்டி நல்லாதான் இருக்கு. எனக்குத்தான் வயசாயிடுச்சு. பேக்கிங்ல நிக்கிறேன்னு சொல்லிடறேன்."

பெயின்டர் எழுந்து சந்துக்குப் போய், தூசியே இல்லாத சைக்கிளைத் துடைத்தார். என் சன்னலிலிருந்து எனக்கு அது தெரிந்தது. நான் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மாசத்தின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை வருவது போல மூடிக்கொண்டிருந்தது. அக்கா ஸ்டூலைச் சந்தில் போட்டுக்கொண்டு, பழைய சாமான் சாக்கைக் கொட்டினார். இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்று எண்ணம். நான் சின்னச் சாமானைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன். பெரிய சாமானை அவர் சணலால் கட்டினார். அக்கா எதைக் கட்டினாலும் பேக்கரியில் நீள ரொட்டி கட்டுகிற மாதிரிதான் கட்டுவார். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, இரண்டு முனையும் சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் முடிச்சு.

பல்சக்கரத்தோடு இருந்த வலது கிராங்கின் மேல் இடது கிராங்கை வைத்தார். தண்டு நுழைகிற ஓட்டை இரண்டையும் நேராக்கிச் சணலைக் கோத்தார். மறுமுனையை விரலால் தடவினார். சேரவில்லை. நழுவிவிட்டது என்று இழுத்துச் சரி செய்து, மறுபடி தடவினார். அப்போதும் சேரவில்லை. இடது கிராங்க் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் குட்டையாக இருந்தது.

அவர் சணலை விட்டுவிட்டார். இடது கிராங்கை எடுத்துத் தன் முட்டியின் மேல் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு, அண்ணனைக் கூப்பிடு."

பெயின்டர் வந்தார். அக்கா இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அப்படியே சந்தின் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கால் மேல வர்றப்ப" என்று அக்கா கையால் காற்றில் ஒரு வட்டம் போட்டார், "முட்டி அவ்வளவா மடங்க வேண்டியதில்லை. அதான். அது மட்டும்தாங்க."

"இதை யாரு மாட்டினது?"

"எனக்கு எப்படித் தெரியும்? வாங்கறப்பவே அப்படித்தான் இருந்திருக்கு. இத்தனை வருஷமா நான் நல்லா ஓட்டறேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"ஓட்டினது நீதானே."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எழுந்திருங்க, பொறுமை கடையைச் சாத்திடுவார்" என்றார்.

கடை பாதி சாத்தியிருந்தது. பொறுமை இடது கிராங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சின்னப் பிள்ளைங்க சைக்கிள்ல வர்றது. இரும்புக் கடைக்காரன் கைக்குக் கிடைச்சதை மாட்டி வித்திருக்கான். நான் பார்த்தேனே. பார்த்துட்டுத்தானே கழட்டினேன்."

"மறுபடி மாட்டுங்க" என்றார் அக்கா.

"என்னது?"

"இடது பக்கம் இதை மாட்டுங்க."

பொறுமை பெயின்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், படித்தவள் ஏதாவது சொல்வேன் என்று. "ஏம்மா, ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை. இதைப் பூட்டி ரோட்டுல விட்டா நாலு பேர் என்ன சொல்வான்? எந்தக் குருடன் பூட்டினான்னு கேட்பான். என் கடைப் பேரு என்னாகும்?"

"என் காலும் ஒண்ணு அப்படித்தாங்க. அதை மாட்டிக்கிட்டு நான் ரோட்டுல போகலையா?"

பொறுமை கிராங்கைக் கையில் எடை பார்த்தார். "நாளைக்கு வாங்க" என்றார் கடைசியில்.

"நாளைக்கு விடியக்காலை நான் பேக்கரியில நிக்கணும். இன்னிக்கு ஒரு நாள் பொறுமை இல்லாம இருங்க."

அவர் சிரித்துவிட்டார். கதவை மறுபடி திறந்தார். சுத்தியல், குத்தூசி, இரண்டு தட்டு. புது கிராங்கைக் கழற்றிப் பழையதை மாட்டினார். பளபளப்புக்கு நடுவே அது துருவும் எண்ணெயுமாக அசிங்கமாகத் தொங்கியது. அக்கா கடை வாசலிலேயே ஏறினார். தெருமுனை திரும்பினார்; காணவில்லை. அடுத்த தெருவைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கமாக வந்து, எங்களைத் தாண்டி, நிற்காமல் வீட்டுக்கே போய்விட்டார். மணியை மட்டும் ஒரு தரம் அடித்தார்.

கழற்றிய புது கிராங்கைப் பொறுமை காகிதத்தில் சுற்றிப் பெயின்டரிடம் கொடுத்தார். "உங்க குப்பை உங்களுக்கு" என்றார்.

வீட்டில் மருந்துக் கடை அம்மா தைலப் பாட்டிலோடு காத்திருந்தார். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் பாட்டிலை மூடினார். "அப்ப, இந்தக் கட்டை கிராங்கை அந்த நீல சைக்கிள்லயே மாட்டியிருக்கலாமே. கன்னுக்கு வச்ச பணத்துல கொஞ்சமாவது மிஞ்சியிருக்குமே" என்றார்.

எனக்கு அது சுருக்கென்றது. நான் யோசித்திருக்க வேண்டிய கேள்வி. பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா தட்டில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "மாட்டியிருக்கலாம் அண்ணி. ஆனா புதுசு வாங்கியிருந்தா இதை அன்னிக்கே எடைக்குப் போட்டிருப்போம். கட்டையோட சேர்த்து."

மருந்துக் கடை அம்மா வாயைத் திறந்தார். பிறகு அதில் ஒரு துண்டு ரொட்டியைப் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டதும் பெயின்டர் சந்துக்குப் போனார். அந்தக் கிராங்கை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தார். கறுப்பு டப்பாவை எடுப்பார் என்று பார்த்தேன். சிவப்பு டப்பாவை எடுத்தார்.

"எதுக்குங்க சிவப்பு? கோமாளி மாதிரி இருக்கும்" என்றார் அக்கா வாசலிலிருந்து.

"இருக்கட்டும். கறுப்பா இருந்தா, பின்னாடி ஒரு காலத்துல நல்லா வேலை தெரிஞ்ச எவனாவது பார்த்துட்டு, தப்பா மாட்டியிருக்குன்னு கழட்டிடுவான். சிவப்பா இருந்தா, ஏன்னு கேட்பான்ல?"

மறுநாள் நான் அதைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் எழுந்தேன். வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை. கறுப்புச் சைக்கிள் இருட்டோடு இருட்டாக இருந்தது. தங்கக் கோடு கூடத் தெரியவில்லை. அக்கா ஏறி மிதித்ததும் அந்தச் சிவப்பு மட்டும் மேலே வந்தது, கீழே போனது. தெரு நெடுக அப்படியே வந்து வந்து போய், பேக்கரிப் பக்கம் திரும்பியது. பெயின்டர் வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றார். கை பாதியில் நின்றுபோயிருந்தது.

அதற்கு அடுத்த நாள் நான் கண் விழித்தபோது அறை முழுக்க வெயில். பதறி எழுந்து சன்னலைத் திறந்தேன். சந்து காலியாக இருந்தது. சைக்கிள் எப்போது கிளம்பியது என்றே தெரியவில்லை. அதுதான் இப்போது சத்தமே போடுவதில்லையே. சன்னல் விளிம்பில், லைனுக்கு நடுவே அக்கா வைத்துவிட்டுப் போன என் ரொட்டி காகிதத்தில் சுற்றி இருந்தது. தொட்டுப் பார்த்தேன். எப்போதோ ஆறிப்போயிருந்தது.